சிவப்பு, வெள்ளை, ஒரு இஸ்திரிப் பெட்டி

மாடல் விமானத்துக்கு ஒரே நிறத்தில் பிலிம் ஒட்டுகிறவன் பிழைத்துக்கொள்வான். இரண்டு நிறம் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் வேலை நாலு மடங்கு, செலவு மூன்று மடங்கு, வீட்டில் மரியாதை பாதி. இந்தக் கணக்கை நம்பலாம். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்கு எழுதித்தான் கூடுவாஞ்சேரியில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் பணத்தில் ஒரு பைசா பிசகாது. ஆனால் என் கையால் செய்கிற காரியம் எதுவும் நேர்கோட்டில் வந்ததில்லை. இரண்டும் எப்படி ஒரே ஆளிடம் இருக்கிறது என்று என் மனைவி அவ்வப்போது ஆச்சரியப்படுவாள்.

முதலில் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். பால்சா என்பது பெரும்பாலும் ஈக்குவடாரிலிருந்து வரும் மரம். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். பலகையைத் தூக்கினால் கை ஏமாந்துபோகிற எடை. ஒரு கன மீட்டர் பால்சா சராசரியாக 160 கிலோ; அதே அளவு தேக்கு 600 கிலோவைத் தாண்டும். தாவரவியல்காரர்கள் இதை வன்மரங்களின் கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிற வன்மரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட மஸ்கிட்டோ விமானத்தின் உடம்பு, இரண்டு மெல்லிய பிளைவுட் தகடுகளுக்கு நடுவே பால்சாவை வைத்து அழுத்திச் செய்தது. 1947-ல் தோர் ஹெயர்டால் பால்சாக் கட்டைகளால் தெப்பம் கட்டி, பெருவிலிருந்து 101 நாளில் பசிபிக்கைக் கடந்து பாலினீசியத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். இவ்வளவு பெருமை வாய்ந்த மரம், கடைசியில் என் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதன் விதி.

நான் வாங்கியது லேசரில் வெட்டிய துண்டுகள் அடங்கிய பெட்டி. முனைக்கு முனை ஒன்றரை மீட்டர் இறக்கை. அது உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும். பழகுகிறவர்களுக்கான வகை. பேட்டரி மோட்டார். எலும்புக்கூட்டைக் கட்டுவதில் நான் அவ்வளவு மோசமில்லை. ரிப் என்கிற விலாக்கள், அவற்றைக் கோத்துக்கொண்டு போகிற ஸ்பார், முன்விளிம்பு, பின்விளிம்பு எல்லாம் அச்சடித்த வரைபடத்தில் எண் போட்டு இருக்கின்றன. பெவிக்விக்கில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதைப் பெரிய விஷயமாகச் சொல்ல முடியாது. அது எல்லோருக்கும் நடப்பது. கட்டி முடித்ததும் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அந்த அழகோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தோல் இல்லாத இறக்கை காற்றை வடிகட்டுமே தவிர, பறக்காது.

இந்தத் தோல் விவகாரம் நம் தாம்பரம் லைனுக்குப் புதிதில்லை. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திக்கொண்டிருந்த கார்சிகா தீவுக்காரர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், 1910-ல், தான் வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் கட்டவைத்து, பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் ஜனங்களுக்கு முன்னால் பறந்து காட்டினார். கோச் வண்டி செய்து பழகிய கம்பெனி. விமானம் என்பதும் அந்தக் காலத்தில் மரச்சட்டமும் அதன்மேல் இழுத்துக் கட்டிய துணியும்தான். எப்போதாவது மாம்பலம் போகும்போது ரயில் பல்லாவரத்தில் நின்றால் அந்த ஓட்டல்காரரை நினைத்துக்கொள்வேன். மனிதர் ஒரு முழு ஓட்டலின் சலவைப் பகுதியையே கையில் வைத்திருந்தவர். ஆனாலும் அவர் விமானத்தால் எந்த இஸ்திரிப் பெட்டிக்கும் ஆபத்து வந்ததாக நான் படித்ததில்லை.

பின்னால் வந்த விமானங்களில் துணியின்மேல் டோப் என்கிற செல்லுலோஸ் வார்னிஷைப் பூசினார்கள். காயக் காயத் துணி சுருங்கி, தட்டினால் டங்கென்று கேட்கிற அளவுக்கு இறுகும். சின்ன விமானங்களில் துணிக்குப் பதிலாக டிஷ்யூ காகிதம் அல்லது பட்டு. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது நான் கற்றது அந்த வித்தை. பயிற்சி அறை முழுக்க நெயில் பாலிஷ் நெடி அடிக்கும். காகிதம் மன்னிக்கிற பொருள். சுருக்கம் விழுந்தால் தண்ணீர் தெளித்தால் போதும், காய்ந்ததும் சரியாகிவிடும். அந்தப் பழைய தைரியத்தில்தான் பிலிமிலும் கை வைத்தேன்.

பிலிம் வேறு ஜாதி. ஜெர்மனியின் ஒராகவர், அமெரிக்காவின் மோனோகோட், சீனாவிலிருந்து வரும் பெயர் தெரியாத ரோல்கள், எல்லாமே மெல்லிய பிளாஸ்டிக்தான்; பெரும்பாலும் பாலியஸ்டர். தயாரிக்கும்போதே அதை இழுத்து நீட்டி வைத்துவிடுகிறார்கள். சூடு பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்தச் சுருக்கத்தைத்தான் நாம் இறுக்கமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம். அடிப்பக்கம், சூட்டில் இளகுகிற பசை. பெரும்பாலான பிலிம்களில் நிறம் பிளாஸ்டிக்கில் இல்லை, அந்தப் பசையில்தான் இருக்கிறது. இதை நான் தெரிந்துகொண்ட விதம் பின்னால் வருகிறது, அவசரப்படாதீர்கள். ஏறத்தாழ நூறு டிகிரியில் பசை மரத்தைப் பிடிக்கும். இன்னும் சூடேற்றினால் பிலிம் சுருங்கும். அதற்கும் மேலே போனால் ஓட்டை. எந்தப் படி எந்த டிகிரியில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இரண்டு நிற ஆசை வந்தது டி.வி. பார்த்ததால். 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, மெரினாவில் விமானப்படை சாகசம். நேரில் போனால் திரும்பிவர ரயிலில் நிற்க இடம் கிடைக்காது என்று கணக்குப் போட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். சூர்யகிரண் குழுவின் ஹாக் விமானங்கள் சிவப்பும் வெள்ளையுமாக வரிசை பிசகாமல் போவதைப் பார்த்ததும், என் விமானம் என்ன பாவம் செய்தது என்று தோன்றியது. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புக்குச் சாய்வாக ஓடுகிற ஒரு சிவப்புப் பட்டை, மீதி வெள்ளை. மேலேயும் அப்படியே, கீழேயும் அப்படியே. சில மாதம் மனசிலேயே வைத்திருந்துவிட்டு, ஒருநாள் அலுவலக நோட்டில் வரைந்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினேன். நல்லா இருக்கு என்றார். அது மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நேரம். யார் எதைக் காட்டினாலும் அவர் நல்லா இருக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு மாடியில் காட்டாங்குளத்தூரில் படிக்கிற பையன் ஒருவன் வாடகைக்கு இருக்கிறான். எஸ்.ஏ.இ. இந்தியா நடத்தும் ஏரோ டிசைன் போட்டிக்காக எடை தூக்குகிற விமானம் கட்டும் குழுவில் இருப்பவன். படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

“அங்கிள், மேல ஒரு மாதிரி, கீழ வேற மாதிரி வைங்க. அழகுக்கு இல்ல. தூரத்துல போனா எது மேல், எது கீழ்னு நமக்குத் தெரியணும்.”

“சூர்யகிரண்ல அப்படியா வச்சிருக்காங்க?”

“அதுக்குள்ள பைலட் இருக்காரு அங்கிள்.”

அவன் சொன்னது சின்ன வாக்கியம். அதன் எடை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எது தலைகீழ் என்பதை இடுப்பு பெல்ட்டே சொல்லிவிடும். தரையில் ரிமோட்டோடு நிற்பவனுக்கு நிறத்தைத் தவிர வேறு தகவல் கிடையாது. மாடல் விமானத்தில் இரண்டு நிறம் வந்ததற்கு முக்கியமான நியாயமே அதுதான். நான் அந்த நியாயத்தை எடுத்துப்போட்டுவிட்டு, அலங்காரத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பையனிடம், “பாக்கலாம்பா” என்றேன். எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். அது அவனுக்குத் தெரியாது.

பிலிம் ஒட்டுவதற்கென்றே சின்ன இஸ்திரிப் பெட்டி விற்கிறது. நுனி கூராக, அடிப்பாகம் ஒட்டாத பூச்சோடு, சூட்டைக் கொஞ்சம் துல்லியமாகப் பிடித்துவைப்பது. வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்றது கணக்குப் புத்தி. எங்கள் பெட்டியின் திருகில் டிகிரி கிடையாது. நைலான், சில்க், காட்டன் என்று துணிகளின் பெயர்தான். நூறு டிகிரி என்பது நைலானா சில்க்கா? தெருமுனைப் புங்கமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரரிடம் கேட்டேன்.

“ஏரோபிளேனுக்கா பொட்டி போடப் போறீங்க?” என்று முதலில் சிரித்தார். பிறகு தொழில்காரராகப் பேசினார். “கரண்டுப் பொட்டி ஒரே சூட்டுல நிக்காது சார். லைட்டு எரியறப்ப ஒரு சூடு, அணைஞ்சப்புறம் ஒரு சூடு. நைலக்ஸ் பொடவை வந்தா நாங்க எடுத்தவுடனே மேல வச்சிட மாட்டோம். உள்ஓரத்துல ஒரு மூலையில வச்சிப் பாத்துட்டுதான்.”

உலகத்தில் பிலிம் ஒட்டுகிற எல்லோரும் முதலில் சொல்கிற பாடம் இதுதான்: கழிவுத் துண்டில் சூட்டைச் சோதித்துப் பார். கரி போட்ட பெட்டியோடு வாழ்நாள் முழுக்க நின்றவர் அதை எனக்கு இலவசமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, நேராக இறக்கையின்மேல் வைத்தேன். பிலிம் ஒரு நொடி பளபளத்தது, அப்புறம் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. துளையின் வழியாக விலா ஒன்று என்னைப் பார்த்தது.

பிலிமின் பின்தாளை உரிப்பதும் ஒரு கலை. மூலையில் இரண்டு பக்கமும் செலோடேப்பை ஒட்டி, எதிரெதிராக இழுத்தால் தாள் பிரிந்துவிடும். இதைச் சரியாகச் செய்தேன். இந்தக் கட்டுரையில் நான் சரியாகச் செய்த காரியங்களின் பட்டியல் இத்தோடு முடிகிறது. உரித்த பிலிமைத் தூக்கியபோது புழுக்கம் தாங்காமல் மகளைக் கூப்பிட்டு ஃபேன் போடச் சொன்னேன். ஒரு முழ நீளப் பிலிம் மடிந்து தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் பார்த்தேன், அது பிரியவில்லை, நீண்டது. ஃபேனை நிறுத்திவிட்டு அடுத்த துண்டை எடுத்தேன். வியர்வை சொட்டி மரத்தின்மேல் விழுந்தது. ஈரம் பட்ட இடத்தில் பால்சா உப்பும், உப்பிய இடத்தில் பிலிம் மேடு கட்டும். ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசி வேறு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைச் சாத்தி வைத்தாலும், ஒட்டி முடித்ததும் பிலிமுக்கு அடியில் ஒரு மணல் கணக்காக வந்து உட்கார்ந்திருக்கும். ஜன்னலைச் சாத்தினால் ஃபேன் வேண்டும். ஃபேன் போட்டால் பிலிம் மடியும்.

இரண்டு நிறத்துக்கு ஒரு வரிசை உண்டு. வெளிர் நிறம் முதலில், அடர்நிறம் அதன்மேல் ஒரு சில மில்லிமீட்டர் ஏறி உட்கார வேண்டும். மாற்றி வைத்தால் அடியிலிருக்கும் அடர்நிறம் வெளிர் பிலிமின் வழியாகத் தெரியும். அப்புறம், இணைப்பு ஏதாவது ஒரு மரத்தின்மேல்தான் வர வேண்டும். இரண்டு விலாக்களுக்கு நடுவே அந்தரத்தில் வரக்கூடாது. இறக்கையின் அடிப்பக்கத்தை முதலில் ஒட்டி, மேல்பக்கத்தைப் பிறகு ஒட்டினால், மடிப்பு கண்ணில் படாமல் கீழே போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தவன் என்று யாரும் என்மேல் அனுதாபப்பட வேண்டாம்.

நடந்தது என்னவென்றால், கூரியரில் சிவப்பு ரோல் முதலில் வந்துவிட்டது. வெள்ளை வரவில்லை. சனிக்கிழமை மதியம், கையில் சிவப்பு, வீட்டில் யாரும் இல்லை. பொறுமை என்கிற சரக்கை எங்கள் குடும்பத்தில் யாருமே இருப்பு வைத்ததில்லை. சிவப்பை முதலில் ஒட்டிவிட்டேன். வெள்ளை வந்ததும் அதைச் சிவப்பின்மேல் ஏற்றினேன். பட்டையின் இரண்டு பக்கமும் அழகான ரோஸ் கலரில் ஒரு கோடு விழுந்தது. மனைவி வந்து பார்த்தாள்.

“பார்டர் வச்சிருக்கீங்களா? நல்லாத்தான் இருக்கு.”

ஆமாம் என்றேன். இது பொய். இன்றுவரை திருத்தவில்லை.

சாய்வான பட்டை என்பதால் இணைப்பு பாதி இடங்களில் அந்தரத்தில்தான் வந்தது. இறுக்குவதற்காகச் சூடு காட்டினேன். சிவப்பு தன் பக்கம் இழுத்தது, வெள்ளை தன் பக்கம் இழுத்தது, நடுவில் இருந்த ஒட்டு விட்டுக்கொடுத்தது. சாய்கோட்டு நெடுகப் பிளவு. அதை மூட இன்னொரு வெள்ளைத் துண்டு. அதன் ஓரத்தை மறைக்க இன்னொரு சிவப்புத் துண்டு. பிலிமின்மேல் பிலிமை இஸ்திரி போட்டு ஒட்டினால் நடுவில் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து கொப்புளம் கட்டும். மரத்துக்குள்ளாவது காற்று நுழைந்துபோகும். பிளாஸ்டிக்குக்குள் எங்கே போகும்? குண்டூசியால் குத்தி, குத்திய இடத்தில் தேய்த்து, தேய்த்த இடத்தில் புதிதாக ஒன்று கிளம்பி, ஊசிக்கும் கொப்புளத்துக்கும் நடந்த போட்டியில் சாயங்காலம் ஆகிவிட்டது.

பின்னால் வருகிறது என்ற கதைக்கு இப்போது வருகிறேன். பிலிமின் ஓரங்களில் இளகி வழிந்த பசை பெட்டியின் அடியில் ஒட்டும். அதனால்தான் பெட்டிக்குப் பருத்தி உறை மாட்டச் சொல்கிறார்கள். நான் மாட்டவில்லை, துடைக்கவும் இல்லை. மறுநாள் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். மனைவி சந்தன நிறப் பட்டுப்புடவையை விரித்து, பெட்டியைச் சில்க்கில் வைத்து, முந்தானையிலிருந்து ஆரம்பித்தாள். ஒரே இழுப்பு. முந்தானைக்குக் குறுக்கே, நான் எவ்வளவோ முயன்றும் இறக்கையில் வராத நேரான, சீரான, பிசிறில்லாத சிவப்புக் கோடு.

நிறம் பசையில் இருக்கிறது என்று சொன்னேனே, அதற்கு அந்த முந்தானைதான் சாட்சி.

அவள் கத்தவில்லை. “நீங்க கெளம்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். கல்யாணத்துக்கு அவள் வேறு புடவையில் வந்தாள். பந்தியில் என் பக்கத்தில் உட்காரவில்லை. விஷயம் மாமனார் காதுக்குப் போயிற்று. அவர் நல்ல மனிதர். சமாதானம் செய்யப் பார்த்தார். “விடும்மா. கலாம்கூட நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலதான் படிச்சார். அவரும் இப்படித்தான் ஏதாவது செஞ்சு பழகியிருப்பார், இல்லையா மாப்ளே?”

“அவரு யாரோட பொடவையையும் கெடுக்கலப்பா” என்றாள்.

இந்த லைனில் விமானம் என்ற சொல்லை எடுத்தால் கலாம் வராமல் இருக்க மாட்டார். எனக்கு எதிர்ச்சாட்சியாக வந்தது அன்றுதான்.

பெட்டி என் கைக்கு எட்டாத பரணுக்குப் போனது. மிச்சக் கொப்புளங்களோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவரிடம் போனேன். இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “காஞ்சதுல ஏன் சார் வச்சீங்க?” என்றார். ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளித்து, ஸ்டிக்கரை அதன்மேல் மிதக்கவிட்டு, இடம் பார்த்து நகர்த்தி, தகட்டால் தண்ணீரை ஓரத்துக்கு வழித்துத் தள்ளிக் காட்டினார். “ஈரத்துல வச்சா நகத்தலாம். காஞ்சதுல வச்சா வச்சதுதான்.” மாடல்காரர்கள் கண்ணாடி துடைக்கிற திரவத்தைத் தெளித்துச் செய்வதும் இதே முறைதான். ஈரத்தில் இடம் பார்த்து, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் வழித்துவிட்டு, நன்றாகக் காயவிட்டு, ஓரங்களுக்கு மட்டும் மெல்லிய சூடு. அவர் கையில் அந்தப் பட்டை ஐந்து நிமிஷத்தில் உட்கார்ந்தது. காசு வாங்கவில்லை. “அடுத்த தபா மொதல்லயே வாங்க” என்றார். நான் சந்தித்த நிபுணர்கள் எல்லோரும் ஐந்நூறு மீட்டர் சுற்றளவில் இருந்திருக்கிறார்கள். யாரிடமும் சரியான நேரத்தில் நான் போகவில்லை.

இனி எடை. ஒராகவர் வகைப் பிலிம் சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிராம் இருக்கும். ஒரு சுற்று ஒட்டினால் பரவாயில்லை. நான் மறைப்புக்கு மறைப்பு, அந்த மறைப்புக்கு ஒரு ஒட்டு என்று போனதில் சில இடங்களில் மூன்று அடுக்கு. அதிலும் வால்பகுதியில் அதிகம். இறக்கையிலிருந்து மூக்கு கிட்டே, வால் தூரத்தில். வாலில் ஒரு கிராம் கூடினால், அதைச் சமன்செய்ய மூக்கில் இரண்டு மூன்று கிராம் வைக்க வேண்டும். ஐந்து ரூபாய் நாணயங்களை மோட்டாருக்குப் பின்னால் ஒட்டினேன். இருப்புநிலைக் குறிப்பைச் சமன்செய்ய நாங்கள் ‘இதர செலவுகள்’ என்று ஒரு வரி போடுவோம். அந்த நாணயங்கள் அந்த வரி.

இறக்கை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பதை மேஜையில் வைத்தபோதுதான் பார்த்தேன். ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடியது. மேல்பக்கம் அதிகச் சூடு, கீழ்ப்பக்கம் குறைவு என்று இறுக்கினால் பிலிம் மரத்தையே திருகிவிடும். மாடிப் பையன் வழி சொன்னான்: ஒருவர் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சூடு காட்ட வேண்டும், ஆறியதும் அப்படியே நின்றுவிடும். இரண்டு ஆள் வேலை. வீட்டில் என்னோடு பேசுகிற ஆள் அந்த வாரம் யாரும் இல்லை, பெட்டியும் பரணில். மகளின் முடி உலர்த்தியை எடுத்துத் தனியாக முயன்றேன். என் கை ரோமங்கள் நன்றாக உலர்ந்தன. பிலிம் அசையவில்லை. ‘கொஞ்சம் முறுக்குதானே’ என்று விட்டுவிட்டேன்.

எங்கே பறக்கவிடுவது என்பதற்கு இந்தப் பக்கத்தில் தனி ஆராய்ச்சி வேண்டும். வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கமும். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். 2021-ம் ஆண்டின் டிரோன் விதிகளில் 25 கிலோவுக்கு மேற்படாத, படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கிற மாடல் விமானத்துக்குத் தனி விளக்கமே இருக்கிறது. அதற்காக நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வானத்தைப் பிரித்துக் காட்டும் அரசின் வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். பார்த்து, நெல்லிக்குப்பம் சாலை வழியாகத் திருப்போரூர் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு ஏரியைத் தேர்ந்தெடுத்தோம். செங்கல்பட்டு ஏரிகள் மாவட்டம். வெயில் காலத்தில் அத்தனையும் விமான நிலையம்.

பையன் ஓடிப்போய்க் கையால் எறிந்தான். விமானம் ஏறியது. உடனே இடதுபக்கம் சாய்ந்தது. நான் வலதுபக்கம் குச்சியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். முறுக்கின் வட்டி. சற்று நேரம் அது நிஜமாகவே அழகாக இருந்தது. சிவப்புப் பட்டை வெயிலில் மின்னியது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அண்ணாந்து பார்த்தார். அவர் பார்க்கிறார் என்ற சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் தூரம் விட்டேன்.

அங்கே போனதும் அது ஒரு கறுப்புக் கோடாகிவிட்டது. திரும்பி வருகிறதா, போகிறதா? சாய்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா? ஒரு பக்கம் சிவப்பு தெரிந்தது. அது மேல்பக்கச் சிவப்பா, கீழ்ப்பக்கச் சிவப்பா? இரண்டையும் ஒன்றாக வைத்தவன் நானேதான், எனக்கே சொல்லத் தெரியவில்லை. மூக்கு இறங்குவது தெரிந்ததும் மேலே தூக்குகிற குச்சியை இழுத்தேன். நிமிர்ந்திருக்கிற விமானம் அதற்கு ஏறும். கவிழ்ந்திருக்கிற விமானம் அதே கட்டளைக்குத் தரையை நோக்கிப் பாயும். அது கவிழ்ந்திருந்தது.

“விடுங்க அங்கிள், இழுக்காதீங்க!” என்று பையன் கத்தினான். நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

நல்லவேளை, சீமைக்கருவேலம் புதர். மாவட்டமே வேரோடு பிடுங்க வேண்டும் என்று திட்டுகிற அந்த மரத்துக்கு நான் மட்டும் கடமைப்பட்டிருக்கிறேன். மோட்டார் பிழைத்தது, பேட்டரி பிழைத்தது. பிலிமில் முள் குத்தாத இடம் இல்லை. குண்டூசியால் நான் குத்தத் தவறிய கொப்புளங்களையும் அது குத்திவிட்டிருந்தது. ஆடு மேய்க்கிறவர் ஓடிவந்து, முள்ளை விலக்கி எடுக்க உதவினார். எடுத்துக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, “ஏரியை அளக்க வந்தீங்களா சார்? பிளாட்டு போடப் போறாங்களா?” என்று கேட்டார். இல்லை, விளையாட்டுக்கு என்றோம். அவர் நம்பவில்லை. இந்தப் பக்கம் ஏரியைப் பார்த்து ஒருவன் ஆகாயத்தில் எதையாவது பறக்கவிட்டால் அடுத்து மஞ்சள் கல் நடுவான் என்பது அவருடைய அனுபவம். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது.

இப்போது விமானத்தின் அடிப்பக்கம் பூராவும் மஞ்சள், அதில் குறுக்கே அகலமான கறுப்புப் பட்டைகள். பையன் மேற்பார்வையில், தனியாக வாங்கிய சின்னப் பெட்டியில், உறை மாட்டி, கழிவுத் துண்டில் சோதித்து, மஞ்சளை முதலில் ஒட்டிக் கறுப்பைப் பிறகு ஏற்றி, பட்டை ஒவ்வொன்றையும் விலாவின்மேல் முடித்துச் செய்தது. பார்க்க ஆட்டோவை ஞாபகப்படுத்துகிறது என்று மகள் சொல்கிறாள். மேல்பக்கம் மட்டும் பழைய சிவப்பு வெள்ளை, ரோஸ் பார்டரோடு. இடதுபக்கச் சாய்வு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஏரியில் தண்ணீர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கிறது, திரும்பியும் வருகிறது.

சிவப்பு ரோல் பாதிக்குமேல் மிச்சம். கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், பொத்தேரி வட்டாரத்தில் யாராவது பால்சாவில் கட்டிக்கொண்டிருந்தால் சொல்லி அனுப்புங்கள், காசு வேண்டாம், கொடுத்துவிடுகிறேன். பதிலுக்குக் காஞ்சிபுரத்தில் சந்தன நிறப் பட்டு நியாயமான விலைக்கு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள். தீபாவளிக்குள் வாங்கியாக வேண்டும்.